நடுவர் முதுகில் தட்டுகிறவர்

2024 பிப்ரவரி 6, செவ்வாய்: பழைய விளையாட்டுத் துறை இயக்குநர் விலகல். ஆண்டுச் சம்பளம் 2,91,000 டாலர்.
பிப்ரவரி 20, செவ்வாய்: முதல் கடிதம். மல்யுத்த அணியின் ஆண்டுச் செலவு 6,12,400 டாலர்.
மார்ச் 13, புதன்: டல்சாவிலிருந்து விமானம். எரிபொருள் 140 கேலன், 868 டாலர்.
மார்ச் 22, வெள்ளி: புதிய இயக்குநர் நியமனம். ஆண்டுச் சம்பளம் 3,10,000 டாலர்.
ஏப்ரல் 11, வியாழன்: ரசிகர் சங்க மதிய உணவு. 212 பேர், தலைக்கு 14 டாலர், மொத்தம் 2,968 டாலர்.
ஏப்ரல் 18, வியாழன்: பழுப்பு, மஞ்சள் அணிகள் மோதிய போட்டி. நுழைவு இலவசம்.

வெர்லின் டைக்ஸ்ட்ராவுக்கு அப்போது அறுபத்தேழு வயது. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் கார்டின் என்ற ஊரின் சிறிய விமான நிலையத்தில் இருபத்தொன்பது ஆண்டுகளாக வேலை பார்த்துவந்தார். விமானங்களுக்கு எரிபொருள் நிரப்புவது, பனிக்காலத்தில் ஓடுபாதையைச் சுத்தம் செய்வது, கோடையில் புல் வெட்டுவது, இறங்கி வருகிறவர்களுக்குக் காபி ஊற்றிக் கொடுப்பது எல்லாம் அவர்தான். காபி நன்றாக இருக்காது என்பதைக் கோப்பையை நீட்டும்போதே சொல்லிவிடுவார்.

ஆனால் ஊருக்கு அவரைத் தெரிந்தது வேறொரு வேலையால். அதற்குச் சம்பளம் கிடையாது. 1998 நவம்பரிலிருந்து, கார்டின் பல்கலைக்கழகத்தின் மல்யுத்தப் போட்டிகளில் நடுவரின் முதுகில் தட்டுகிறவர் அவர்.

ஒருவன் மற்றவனை மல்லாத்தி இரண்டு தோள்களையும் விரிப்பில் அழுத்தப் பார்க்கும் நேரத்தில், நடுவர் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையோடு வைத்து, தோளுக்கும் விரிப்புக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். கடிகாரம் அவர் கண்ணில் படாது. கூட்டம் போடுகிற கூச்சலில் மணி அவர் காதில் விழாது. அதனால் ஒருவர், பட்டை ஒட்டி இறுக்கிய துண்டுச் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே முழங்காலிட்டிருந்து, நேரம் முடிந்த அந்தக் கணத்தில் அவர் முதுகில் ஒரு போடு போட வேண்டும். முந்தினால் ஒரு கூட்டம் திட்டும்; பிந்தினால் இன்னொரு கூட்டம் திட்டும். இருபத்தாறு பருவங்களில் வெர்லின் திட்டு வாங்கியது இரண்டே முறை. இரண்டும் 2003 ஜனவரியில். அந்த மாதம் அவர் காதில் சீழ் வைத்திருந்தது.

பிப்ரவரி 20ஆம் தேதி வந்த கடிதம், சம்பளமில்லாமல் உதவி செய்கிற பதினொரு பேருக்கும் ஒரே மாதிரி அச்சடித்து அனுப்பப்பட்டது. மல்யுத்த அணியை வைத்துக்கொள்வதா, கலைத்துவிடுவதா என்பதைப் புதிதாக வரப்போகும் இயக்குநர் முடிவு செய்வார் என்றும், அதுவரை எந்த உறுதியும் தர இயலாது என்றும் அதில் இருந்தது. வெர்லின் அதைக் காந்தக் குமிழால் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தார்.

“இது என்ன கல்யாணப் பத்திரிகையா, கதவுல ஒட்டி வெச்சிருக்க?” என்று கேட்டார் ஆர்டித், அவர் மனைவி. பள்ளிக்கூடச் சமையலறையில் ஓய்வு பெற்றவர்.

“கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கட்டும்.”

“உன் கண்ணுல கடிதாசு படுது. என் கண்ணுல உன் மூஞ்சிதான் படுது, வெர்லின். வெண்ணெய் எடுக்கப் போறப்பல்லாம் ஒரு அடிக்குத் தொங்குது.”

அணி போனால் குளிர்கால வியாழன், வெள்ளிகளில் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. வீட்டில் உட்கார்ந்தால் ஆர்டித்துக்கும் என்ன செய்வதென்று தெரியாது.

கார்டின் அணிகளுக்கு நீர்நாய்கள் என்று பெயர். பழுப்பும் மஞ்சளும் நிறம். ரசிகர்கள் இணையத்தில் கூடுகிற இடத்துக்கு ‘நீர்நாய்ப் பொந்து’ என்று பெயர் வைத்திருந்தார்கள். புதிய இயக்குநர் யார் என்ற பேச்சு பொந்தில் ஐந்து வாரம் ஓடியது. மொத்தம் பதினேழு பெயர்கள் அடிபட்டன. துணிக்கடையில் தெரியாத ஆள் ஒருவர் பழுப்பு நிறக் கழுத்துப்பட்டி வாங்கியதாக ஒருவர் எழுதினார். பல்கலைக்கழகத் தலைவர் வீட்டம்மா கசாப்புக் கடையில் வழக்கத்தைவிட நான்கு துண்டு கூடுதலாக வாங்கியதாக இன்னொருவர் எழுதினார். எட்டாம் தெருவில் ஒரு வீட்டு வாசலில் ‘விற்பனைக்கு’ என்ற பலகை காணாமல் போனது; அதற்கு மட்டும் தொண்ணூற்று நான்கு பதில்கள்.

ஆனால் ரசிகர்கள் உண்மையிலேயே நம்பியது விமானங்களைத்தான். பெரிய பதவிக்கு ஆள் வருவதென்றால் தனி விமானத்தில்தான் வருவார், யார் கண்ணிலும் படாமல் பேசிவிட்டுப் போவார். எந்த விமானம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கணினியில் பார்த்துக்கொண்டே இருந்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். கணினியில் தெரியாத விமானங்களும் உண்டு. அவற்றுக்குத்தான் வெர்லின்.

தினமும் காலை ஏழரைக்கு கேலன் பாப்பிங்கா தொலைபேசியில் அழைப்பார். வெர்லினோடு பள்ளியில் படித்தவர். முப்பத்து மூன்று ஆண்டு பள்ளிப் பேருந்து ஓட்டியவர். பொந்தில் ‘மஞ்சள் பஸ்’ என்ற பெயரில் எழுதுபவர்.

“என்னப்பா, இன்னிக்கு யாரு இறங்குறா?”

“காத்து மேற்குல இருந்து அடிக்குது. பன்னெண்டு மைல் வேகம்.”

“காத்தைக் கேட்டேனா உன்னை? மனுசனைக் கேட்டேன்.”

“மனுசனைப் பத்திச் சொல்றதுக்கு எனக்குச் சம்பளம் இல்ல.”

இருபத்தொன்பது ஆண்டுகளில் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று வெர்லின் வெளியே சொன்னதே கிடையாது. மார்ச் 13ஆம் தேதிதான் முதல் தடவை.

பதினேழு பெயர்களில் ஒன்று பிரான்ட் கெசனிக். கார்டினில் நான்கு ஆண்டுகள் மல்யுத்தம் செய்தவன். இப்போது டல்சா என்ற நகரில் ஒரு பல்கலைக்கழகத்தில் துணை இயக்குநர். அவன் வந்தால் அணிக்கு ஆயுள் கெட்டி. முந்தின நாள் மாலை விமான நிலையத்துக்கு ஓர் அழைப்பு வந்தது: நாளை பத்தரைக்கு டல்சாவிலிருந்து ஒரு விமானம், ஒரே பயணி, எரிபொருள் வேண்டும், வாடகைக்கு ஒரு பெரிய கார் தயாராக இருக்கட்டும். பயணியின் பெயரைச் சொல்லவில்லை. வெர்லினும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

காலை ஏழரைக்கு கேலன் அழைத்தார். “யாரு இறங்குறா?”

வெர்லின் காற்றைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தார். சொல்லாமல் நிறுத்தினார்.

“என்னப்பா, இருக்கியா?”

“டல்சா,” என்றார் வெர்லின். “பத்தரை.” வைத்துவிட்டார்.

பத்தே காலுக்கெல்லாம் நிறுத்துமிடத்தில் அறுபத்தெட்டு கார்கள். பல்கலைக்கழக வாத்தியக் குழுவில் வகுப்பு இல்லாத ஒன்பது பேர் கொம்புகளோடு வந்திருந்தார்கள். ‘வீட்டுக்கு வா பிரான்ட்’ என்று படுக்கை விரிப்பில் எழுதி இருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆர்டித் கடலை வெண்ணெயும் சாக்லேட்டும் போட்ட பொரிக்கட்டி மூன்று தட்டு கொண்டுவந்திருந்தார். விமானம் இறங்கி, திரும்பி, நின்றது. கதவு திறந்ததும் வாத்தியக் குழு அணிப்பாட்டை எடுத்தது.

வந்து நின்றவர் குள்ளமான, வழுக்கை விழுந்த மனிதர். இரண்டு கைகளிலும் நீலநிறக் குளிர்ப்பெட்டிகள். கூட்டத்தைப் பார்த்தார், விரிப்பைப் பார்த்தார், பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று திரும்பியும் பார்த்தார். யாரும் இல்லை.

பாட்டு பாதியில் அறுந்தது. “நீங்க யாரு சார்?” என்று கேலன் கத்தினார்.

“டாக்டர் லாய்ல் ஷூப். பன்றி மருத்துவர்.”

“பெட்டியில என்ன?”

“உயர்ந்த ஜாதி ஆண் பன்றியோட விந்து. வடக்குப் பக்கத்துப் பண்ணைக்கு.” வாத்தியக் குழு கொம்புகளைக் கீழே இறக்கியது. அவருக்கோ கண் கலங்கிவிட்டது. “போன வாரம் நெப்ராஸ்காவுக்குப் போனேன். ஒரு ஆள் வரலை. பன்னி வளர்ப்பை மதிக்கிற ஊருன்னா இதுதான்யா.”

யாருக்கும் உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை. அவர் பன்றிக் காய்ச்சல் தடுப்பைப் பற்றி நான்கு நிமிடம் பேசினார். கைதட்டினார்கள். ஆர்டித் ஒரு தட்டு பொரிக்கட்டியை மூடி அவர் காரிலேயே வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு வெர்லினுக்கு ஊரில் தலைகாட்ட முடியவில்லை. மளிகைக் கடையில் இறைச்சிப் பக்கம் போனால், “டாக்டர் சௌக்கியமா?” என்று கேட்டார்கள். காலை ஏழரைக்கு கேலன், “இன்னிக்கு யாருப்பா? மாட்டு டாக்டரா, கோழி டாக்டரா?” என்றார். “காத்து தெற்குல இருந்து,” என்றார் வெர்லின். இனி உயிர் போனாலும் காற்றைத் தவிர வேறு எதையும் சொல்வதில்லை என்று முடிவு செய்துவிட்டார்.

புதிய இயக்குநர் எப்போது வந்தார் என்பது யாருக்குமே தெரியாது. ஒஹையோவிலிருந்து பதினோரு மணி நேரம் தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு, பின்னிருக்கையில் இரண்டு நாய்களோடு வந்திருந்தார். பெயர் கார்லிஸ் ஆமன்சன். நாற்பத்தாறு வயதுப் பெண். பதினேழு பெயர்களில் அது இல்லை. கல்லூரிக் காலத்தில் எட்டுப் பேர் துடுப்புப் போடும் படகில் சுக்கான் பிடித்து, தாளம் சொன்னவர்.

மார்ச் 22 மாலைக்குள் பொந்தில் எழுநூற்றுச் சொச்சம் பதிவுகள்.

“படகா? நம்ம ஊர் ஆத்துல வாத்துக்கே முழங்கால் தண்ணி!”

“மூணு லட்சத்துப் பத்தாயிரமா? எனக்குப் பாதி குடுங்க, நான் பாதி மோசமாப் பண்றேன்.”

“அந்தப் பன்னி டாக்டரையே வெச்சிருக்கலாம். அவருக்காவது நம்ம ஊரைப் பிடிச்சிருந்துச்சு.”

இரவு எட்டு மணிவாக்கில் ஒருவர் தோண்டியெடுத்துப் போட்டார்: ஆமன்சன் முன்பு இருந்த பல்கலைக்கழகம் இரண்டு ஆண்டுகளுக்கு முன் மல்யுத்த அணியைக் கலைத்திருக்கிறது. அதோடு சிரிப்பு நின்றது. போட்டிப் பருவம் முழுவதற்கும் வாங்கிய சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவதாக நாற்பத்தொரு பேர் எழுதினார்கள். கேலனும் அதில் ஒருவர். வெர்லின் அன்று ரொட்டிக்கு வெண்ணெய் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஏப்ரல் 11ஆம் தேதி ரசிகர் சங்கம் புதியவருக்கு மதிய உணவு கொடுத்தது. லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், பன்றி இறைச்சி உருண்டையும் பச்சை ஜெல்லியும். வழக்கமாக எண்பது பேர் வருவார்கள். அன்று இருநூற்றுப் பன்னிரண்டு. சாப்பாட்டுக்காக வந்தவர்கள் குறைவு.

ஆமன்சன் மெலிந்தவர், குரல் மட்டும் பெரியது. ஒலிபெருக்கியைத் தள்ளிவைத்துவிட்டுப் பேசினார். கேலன் முதல் ஆளாக எழுந்தார்.

“மேடம், சுத்தி வளைக்காமக் கேக்குறேன். அங்க மல்யுத்தத்தை மூடுனது நீங்கதானே?”

“நான் மட்டும் இல்ல. ஆனா அந்தக் கூட்டத்துல நானும் கையைத் தூக்குனேன்.”

நாற்காலிகள் நகர்கிற சத்தம். யாரோ ஒருவர் கரண்டியைத் தட்டில் போட்டார்.

“அங்க வருஷத்துக்கு நாலு போட்டி. ஒவ்வொண்ணுக்கும் எழுபது பேரு. அதுல பாதி அப்பா அம்மா,” என்றார் ஆமன்சன். “இங்க எப்படின்னு எனக்குத் தெரியாது. நான் இன்னும் பார்க்கலை. பார்க்காத ஒண்ணைப் பத்தி உங்களுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தா, நாளைக்கு நீங்களே என்னை நம்ப மாட்டீங்க.”

“பருவம் முடிஞ்சு போச்சே, இனி எங்க பார்க்கிறது?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். “ஜூன்ல முடிவாமே!”

அப்போது வெர்லின் எழுந்தார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவர். “வர்ற வியாழக்கிழமை பசங்களே ஒரு போட்டி வெச்சிருக்காங்க, மேடம். பழுப்பு ஒரு பக்கம், மஞ்சள் ஒரு பக்கம். கடைசிப் போட்டியா இருந்தாலும் இருக்கட்டும்னு நடத்துறாங்க. வாங்க. ஆனா மேல உட்கார்ந்தா ஒண்ணும் தெரியாது. என் பக்கத்துல தரையில உட்காரணும்.”

“வர்றேன்,” என்றார் ஆமன்சன்.

வெளியே வந்ததும் கேலன் பிடித்துக்கொண்டார். “குழி தோண்டுறவளுக்கு நாற்காலி வேற போட்டுக் குடுக்கப் போறியா?”

“நாற்காலி இல்லப்பா. முழங்கால் பட்டை. ஆர்டித்துக்குத் தோட்டவேலைக்கு வாங்கினது ஒரு ஜோடி இருக்கு.”

“இது உன் டல்சா மாதிரிதான் முடியப் போகுது.”

வெர்லினுக்கும் அந்தப் பயம் இருந்தது.

ஏப்ரல் 18 மாலை உள்ளரங்கில் 1,380 பேர். இருக்கைகள் 1,400. ஆமன்சன் பச்சை நிறத் தோட்ட முழங்கால் பட்டைகளைக் காற்சட்டைக்கு மேலேயே கட்டிக்கொண்டு வெர்லின் அருகே முழங்காலிட்டார். முதல் இரண்டு ஆட்டங்களில் வெர்லின் தட்டுகிற விதத்தை மட்டும் பார்த்தார்.

“கடிகாரத்தைப் பார்க்கிறீங்களா, அவங்களைப் பார்க்கிறீங்களா?”

“கடைசிப் பத்து வினாடி கடிகாரம் மட்டும்தான். அதுதான் கஷ்டம். பக்கத்துலயே இவ்வளவு நடக்கும், பார்க்கக் கூடாது.”

“படகுல எனக்கும் அப்படித்தான்.” அடுத்த ஆட்டம் தொடங்கும் முன், “நான் ஒரு ஆட்டம் தட்டிப் பார்க்கட்டுமா?” என்றார்.

அந்தத் துண்டுச் சுருளை வெர்லின் யார் கையிலும் கொடுத்ததில்லை. முதுகுவலி வந்த வாரத்தில்கூடக் கொடுத்ததில்லை. ஒரு மூச்சு நேரம் யோசித்தார். கொடுத்தார்.

ஒரு ஆட்டம் மூன்றானது; ஆமன்சன் மூன்றிலும் கச்சிதமாகத் தட்டினார். படகில் தாளம் சொன்ன கை, வினாடி பிசகவில்லை. நான்காவது, நூற்று அறுபத்தைந்து பவுண்டு எடைக்காரர்களின் ஆட்டம். பழுப்பு அணியின் டேட் ருக்டி எதிராளியைப் புரட்டி மல்லாத்திவிட்டான். இருபது வினாடி பாக்கி. ஒரு தோள் விரிப்பில். இன்னொன்று ஒரு விரல் உயரத்தில். நடுவர் படுத்துவிட்டார். அரங்கமே எழுந்துவிட்டது. ஆமன்சனின் கண் கடிகாரத்திலிருந்து நழுவியது.

“அமுக்கு!” என்று கத்தினார். “அமுக்குடா! தோளு! அந்தத் தோளு!”

“மேடம்,” என்றார் வெர்லின்.

“அமுக்கு!”

மணி அடித்தது யாருக்கும் கேட்கவில்லை. தோள் தொட்டது. நடுவர் உள்ளங்கையால் விரிப்பில் ஓங்கி அறைந்தார்: வீழ்த்தல், டேட்டுக்கு வெற்றி. மஞ்சள் பக்கம் முழுவதும் கடிகாரத்தைக் காட்டிக் குதித்தது. அதில் வரிசையாகச் சுழியங்கள்.

ஆமன்சன் கையிலிருந்த துண்டைப் பார்த்தார். எழுந்து நேரே நடுவரிடம் போனார். ஒலிபெருக்கி தேவைப்படாத அந்தக் குரல் கடைசி வரிசைவரை கேட்டது. “தப்பு என்னுது. மணி அடிச்சு ரெண்டு வினாடி ஆச்சு. நான் தட்டலை. ஆட்டத்தைப் பார்த்துக்கிட்டு இருந்துட்டேன்.”

நடுவர் வீழ்த்தலை ரத்து செய்தார். அரங்கம் ஒரு கணம் அடங்கி, பிறகு வெடித்தது. “துண்டைக் குடு! துண்டைக் குடு!” என்று ஆயிரம் பேர் கைதட்டிப் பாடினார்கள். திட்டுவதில் இவ்வளவு சந்தோஷம் கார்டினில் அந்த ஆண்டு யாருக்கும் கிடைத்திருக்கவில்லை. கேலன் நாற்காலியின் மேல் ஏறி நின்று பாடினார்.

முகம் சிவந்து திரும்பி வந்த ஆமன்சன் துண்டை நீட்டினார். வெர்லின் வாங்கவில்லை.

“நான் ரெண்டு தடவை திட்டு வாங்கியிருக்கேன். நீங்க ஒண்ணுதான். இன்னும் நாலு ஆட்டம் இருக்கு, பிடிங்க.”

அன்றிரவு பொந்து இரண்டாகப் பிரிந்தது. ஒரு முதுகைத் தட்டத் தெரியாதவர் ஒரு துறையை எப்படி நடத்துவார் என்று ஒரு கட்சி. நேரமே மறந்துபோகிற அளவுக்கு மல்யுத்தத்தைப் பார்த்த ஒரு இயக்குநரை இதுவரை கண்டதுண்டா என்று மறு கட்சி. ‘மஞ்சள் பஸ்’ இரண்டு பக்கமும் எழுதியது.

ஏப்ரல் 26ஆம் தேதி ஆமன்சனிடமிருந்து இரண்டாவது கடிதம் வந்தது. கணக்குகளைப் பார்த்துக்கொண்டிருப்பதாகவும், மே 31 கூட்டத்துக்குப் பிறகு தெரிவிப்பதாகவும் இருந்தது. ஒரே ஒரு கேள்வியும் கேட்டிருந்தார்: வெள்ளிக்கிழமைப் போட்டிக்கும் வியாழக்கிழமைப் போட்டிக்கும் கூட்டத்தில் வித்தியாசம் உண்டா? வெர்லின் தனக்குத் தெரிந்ததை ஒரு தாளில் எழுதி அனுப்பினார்: வியாழக்கிழமை பள்ளிக்கூடக் கூடைப்பந்து இருக்கிறது, அதனால் பாதிப் பேர் வருவதில்லை; இதைப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சொல்லிவருகிறோம், யாரும் கேட்கவில்லை.

மே முழுவதும் காத்திருந்தார். புல் வேகமாக வளர்கிற மாதம். வாரத்துக்கு இரண்டு முறை வெட்டினார். ஜூன் 3ஆம் தேதி, உள்ளரங்கிலிருந்து மல்யுத்த விரிப்புகளை லாரியில் ஏற்றுவதைப் பார்த்ததாகப் பொந்தில் ஒருவர் படத்தோடு போட்டார். கேலன் அழைத்தார். கேலி செய்யவில்லை. “பார்த்தியாப்பா?” என்று மட்டும் கேட்டார். பார்த்தேன் என்றார் வெர்லின். அன்று இருவரும் காற்றைப் பற்றிக்கூடப் பேசவில்லை.

மறுநாள் கேலன் தொலைபேசியில் அழைக்காமல் நேராக விமான நிலையத்துக்கே வந்து, மோசமான காபியைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதினொன்றேமுக்காலுக்கு ஆர்டித்திடமிருந்து அழைப்பு.

“கடிதாசு வந்திருக்கு. பல்கலைக்கழகத்து உறை. பிரிக்கட்டுமா, நீ வர்ற வரைக்கும் வெச்சிருக்கட்டுமா?”

“பிரி.” வெர்லின் ஒலியைக் கூட்டி மேசைமேல் வைத்தார்.

உறை கிழிகிற சத்தம் கேட்டது. “கண்ணாடியைக் காணோம், இரு,” என்றார் ஆர்டித். கேலன் கோப்பையை வாயருகே கொண்டுபோய் அப்படியே வைத்திருந்தார்.

“அன்புள்ள திரு. டைக்ஸ்ட்ரா. மல்யுத்த அணி தொடரும். மூன்று ஆண்டுகளுக்கு எழுத்தில் உறுதி வாங்கியிருக்கிறேன். விரிப்புகள் பழசாகிவிட்டதால் மேலுறை மாற்ற அனுப்பியிருக்கிறோம். உள்ளூர்ப் போட்டிகள் எட்டு, எல்லாம் வெள்ளிக்கிழமை. முதல் போட்டி நவம்பர் 15. ஐந்து மணிக்கே வந்துவிடுங்கள். நான் மேலே என் இருக்கையில்தான் இருப்பேன்; அதுவே எல்லோருக்கும் நல்லது.” ஆர்டித் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மேலே படித்தார். “செலவை ஈடுகட்ட நுழைவுச் சீட்டு ஐந்து டாலரிலிருந்து எட்டு டாலர் ஆகிறது.”

வெர்லின் நாற்காலியில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“எட்டு டாலரா!” என்று கேலன் மேசையில் குத்தினார். அவர் கண்களும் நனைந்திருந்தன. “இந்தப் பொம்பளைய யாரு வேலைக்கு எடுத்தாங்க?”

“நீ சீட்டைத் திருப்பிக் குடுத்தாச்சு இல்ல,” என்றார் வெர்லின். “உனக்கென்ன வந்துச்சு?”

“குடுக்கலையேப்பா. குடுக்கப் போறேன்னுதான் எழுதுனேன்.” அவர் அதற்குள் கைபேசியை எடுத்துப் பொந்தைத் திறந்திருந்தார். “முதல் நாள்லேருந்தே இந்தம்மா மேல எனக்கு நம்பிக்கை இருந்துச்சுன்னு போடவா?”

“போடு. ஆனா தேதியோட போடு,” என்றார் வெர்லின்.

கேலன் அவர் சொன்னபடியே தேதியைத் தட்டினார். கடிதம் வந்து சேர்ந்த நாள் 2024 ஜூன் 4, செவ்வாய்க்கிழமை.